தொப்பூர் ஏற்றத்தில் நின்ற கேம்பர் வேன்: காற்றுப் பாதையும் பெட்ரோல் பாதையும் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

கிருஷ்ணகிரி இராயக்கோட்டை சாலையில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்த இந்த வண்டி, 1972ஆம் ஆண்டு மாடல் ஃபோக்ஸ்வேகன் டைப் 2 கேம்பர் வேன். பின்புறத்தில் 1584 சி.சி. கொள்ளளவுள்ள, காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் இரண்டு இன்டேக் துளைகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து, காற்றோடு பெட்ரோலைக் கலந்து தர, ஒரே ஒரு சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர். உரிமையாளர் தருமபுரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பெங்களூரில் கிடப்பில் கிடந்த வண்டியை வாங்கி, டின்கர் வேலையும் உள்ளே மர வேலையும் முடித்து, குடும்பத்தோடு ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் போய்வருவதற்காக வைத்திருக்கிறார்.

அவர் சொன்ன புகார் இதுதான்: "சேலத்துல டேங்க நிரப்பிட்டுக் கிளம்பினா தொப்பூர் ஏத்தத்துல மூச்சு முட்டி நின்னுடுது தம்பி. கொஞ்ச நேரம் நிறுத்தி, பெட்ரோல் மூடியத் திறந்து மூடினா மறுபடியும் ஓடுது." இதற்கு மேல், நிறுத்தி வைத்த வண்டிக்குள் பெட்ரோல் நெடி, சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆவதில் சிரமம், ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) ஏறி இறங்கும் ஓட்டம் ஆகியவையும் இருந்தன. எங்களிடம் வருவதற்கு முன் வேறு பட்டறைகளில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் பம்பை மாற்றி, காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை, பெட்ரோல் கூடும்படி வெளியே திருகி விட்டிருந்தார்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சில நாள் நன்றாக ஓடி, பிறகு பழைய நிலைக்கே திரும்பியிருக்கிறது.

ஒரே வண்டியில் பெட்ரோல் போதாமல் நிற்பதும் பெட்ரோல் மிகுந்து நெடி அடிப்பதும் சேர்ந்து வந்தால், கோளாறு ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. இப்படிப்பட்ட வண்டியில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தொடுவதுதான் கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்துகொண்டிருக்கும்போது பெட்ரோலைக் கூட்டி ஈடுசெய்தால், இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். பிறகு எதைச் சரிசெய்தாலும் வண்டி முன்பைவிட மோசமாக ஓடுவதுபோலத் தெரியும்.

ஸ்பார்க் பிளக்குகள் சொன்னது

முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு பலகையில் வைத்தோம். இந்த எஞ்சினில் 1, 2 எண் சிலிண்டர்கள் வண்டியின் வலப்புறமும், 3, 4 இடப்புறமும் இருக்கின்றன. வலப்புறப் பிளக்குகள் இரண்டும் கரிப்புகை படிந்து மெத்தென்று கறுத்திருந்தன. இடப்புறப் பிளக்குகள் இரண்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. மூன்றாம் சிலிண்டரின் பிளக் முனையில் பீங்கான் மேல் மிகச் சிறிய பளபளப்பான புள்ளிகளும் தெரிந்தன. ஒரே கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் போகும் எஞ்சினில் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுக்கிறதென்றால், கோளாறு கார்புரேட்டருக்கு அப்பால், பாதை இரண்டாகப் பிரிந்த பிறகு இருக்கிறது என்று பொருள். இடப்பக்கம் கார்புரேட்டர் வழியாக வராத, கணக்கில் சேராத காற்று நுழைகிறது. அதற்கு ஈடாக யாரோ மிக்சரைக் கூட்டியதால் வலப்பக்கம் பெட்ரோல் மிகுந்துவிட்டது. மூன்றாம் சிலிண்டர் இந்த எஞ்சினில் இயல்பாகவே மற்றவற்றைவிடச் சூடாக ஓடக்கூடியது என்பதால், மிகைச் சூட்டைக் காட்டும் அந்தப் பளபளப்புப் புள்ளிகளை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் இப்படியே ஓடியிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு போயிருக்கும்.

ஆனாலும் காற்றுக் கசிவைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

பெட்ரோல் ஹோஸ்கள்

டைப் 2 வேனில் பெட்ரோல் டேங்க், எஞ்சின் அறைக்கு முன்னால், ஒரு தடுப்புத் தகட்டுக்கு அப்பால், எஞ்சினைவிட உயரத்தில் இருக்கிறது. ஹோஸ் ஒன்று அறுந்தால், எஞ்சின் நின்றிருந்தாலும், பெட்ரோல் தானாகவே இறங்கி வந்துகொண்டே இருக்கும். கீழே டிஸ்ட்ரிபியூட்டரின் பொறியும் சூடான எக்ஸாஸ்ட் குழாய்களும் இருக்கின்றன. எஞ்சினின் கிரான்க்கேஸ் எனும் வெளிக்கூடு மெக்னீசியக் கலவையால் வார்க்கப்பட்டது. மெக்னீசியம் பற்றிக்கொண்டால் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது தீயை வளர்க்கும். உலகம் முழுவதும் இந்த வகை வண்டிகளில் பல, சில நூறு ரூபாய் ஹோஸை மாற்றாததால் எரிந்து போயிருக்கின்றன. ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றி, தீயணைப்பான் சிலிண்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட்டோம்.

வண்டியில் இருந்தவை மேலே பருத்தி நூல் பின்னிய பழைய பாணி ஹோஸ்கள். பார்வைக்கு அழகாக இருந்தாலும், அந்த நூல் பின்னல் உள்ளே ரப்பர் வெடித்திருப்பதை மறைத்துவிடுகிறது. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் துண்டைக் கழற்றி விரலில் வளைத்தபோது, நூலுக்கு அடியில் ரப்பர் பிளந்து, வளைவின் வெளிப்பக்கத்தில் பெட்ரோல் ஈரம் கசிந்து வந்தது. இன்னொரு துண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்ததில், உள்சுவர் உப்பி, வழி பாதியாகச் சுருங்கியிருந்தது. டேங்கிலிருந்து வரும் துண்டு, 6 மி.மீ. குழாயில் 8 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸை மாட்டி, புழுத்திருகு கிளாம்பால் இறுக்கியதாக இருந்தது. கிளாம்பின் பற்கள் ரப்பரைக் கடித்து உள்ளே இறங்கியிருந்தன. தகட்டின் துளை வழியாக ஹோஸ் வரும் இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வளையமும் இல்லை. தகட்டின் விளிம்பு ஹோஸை அரம்போல் தேய்த்துக்கொண்டிருந்தது.

எல்லா ஹோஸ்களையும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தரக்குறியீடு அச்சிட்ட, சரியான உள்விட்டமுள்ள ஹோஸ்களாக மாற்றினோம். இந்த ஆர்9 என்பது எரிபொருள் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கான தரம். கார்புரேட்டர் வண்டிக்கு ஆர்6 அல்லது ஆர்7 போதுமே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அழுத்தத்துக்கு அது போதும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் உள்பூச்சு ஆர்9 வகையில்தான் இருக்கிறது. கிளாம்புகளும் ரப்பரைக் கடிக்காத, உள்பக்கம் மழமழப்பான வட்டக் கிளாம்புகளாக மாற்றப்பட்டன.

பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே, டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நம் ஊரில் பல வண்டிகளில் இதைப் பார்க்கிறேன். சூட்டில் பிளாஸ்டிக் மூக்கு நொறுங்கினால், அழுத்தத்தோடு வரும் பெட்ரோல் நேராகப் பொறியின்மேல் விழும். அதை அகற்றிவிட்டு, உலோக உறை உள்ள ஃபில்டரை எஞ்சின் அறைக்கு வெளியே, கியர்பாக்ஸுக்கு மேல், டேங்குக்கும் பம்புக்கும் இடையே பொருத்தினோம். இக்னிஷன் அணைந்தால் பெட்ரோல் வழியை அடைக்கும் சொலினாய்டு வால்வு ஒன்றும் டேங்கின் வாயருகே வைக்கப்பட்டது.

கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் கையால் திருகினாலே சுழன்றது. அது திருகு இல்லாமல் அழுத்திப் பொருத்தப்பட்ட குழாய். ஆண்டுக்கணக்கான சூட்டில் தளர்ந்து ஹோஸோடு கழன்று வருவது இந்தக் கார்புரேட்டர்களில் தெரிந்த ஆபத்து. ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, உடலில் மரை வெட்டி, திருகு நிப்பிளாக மாற்றிக்கொண்டோம்.

மூச்சு விடாத டேங்க்

தொப்பூரில் நின்றதன் காரணம் இங்கேதான் இருந்தது. மூடியைத் திறந்தால் ஓடுகிறது என்ற ஒரு சொல்லே பாதி விடை. ஆனால் அவர் சொன்னதில் அதைவிட முக்கியமானது, டேங்க் நிரப்பிய பிறகு விரைவாக நிற்கிறது என்பது. முன்பு பார்த்தவர்கள் அடியில் படிந்த துரு கலங்கி அடைக்கிறது என்று முடிவுசெய்திருந்தார்கள். துருவானால் டேங்க் குறைந்திருக்கும்போதல்லவா தொல்லை அதிகம் தர வேண்டும்?

லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், நிமிடத்துக்கு 100 மில்லி பெட்ரோல் டேங்கை விட்டு வெளியேறுகிறது; ஏற்றத்தில் இன்னும் கூடும். வெளியேறும் ஒவ்வொரு மில்லிக்கும் ஈடாகக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து அழுத்தம் குறையும். டேங்கில் காற்றுக்கான இடம் 30 லிட்டர் இருந்தால், அது மெதுவாகக் குறையும். நிரப்பிய டேங்கில் ஐந்து லிட்டர் இடமே இருந்தால், ஆறு மடங்கு விரைவாகக் குறையும். பம்பின் இழுவிசையை அந்த வெற்றிடம் வெல்லும் கட்டம் வந்ததும் வண்டி நிற்கிறது. சேலத்தில் நிரப்பிக் கிளம்பினால், அந்தக் கட்டம் பெட்ரோல் மிகுதியாகத் தேவைப்படும் தொப்பூர் ஏற்றத்தில் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. பம்பின் வாயில் ஹோஸைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தோம். மூடி இறுக மூடியிருக்க, முதலில் பெட்ரோல் விரல் கனத்துக்கு வந்தது. புட்டி கால்வாசி நிரம்பும் முன்பே மெலிந்து நூலாகி, பிறகு சொட்டாகிவிட்டது. உதவியாளர் மூடியைத் திருகியதும் டேங்கின் வயிற்றில் குபுக்கென்று காற்று நுழையும் ஒலி கேட்டது. அதே கணத்தில் பெட்ரோல் பழைய கனத்தோடு பாய்ந்தது.

இந்த வேனில் டேங்கை வெளியே எடுக்க எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். அது பெரிய வேலைதான் என்றாலும், மற்ற வேலைகளுக்கும் எஞ்சின் வெளியே இருப்பது வசதி என்பதால் இறக்கினோம். டேங்கின் மேற்புறத்திலிருந்து ஏறிச் செல்லும் சிறு காற்றோட்டக் குழாய்களில் ஒன்று, பெயின்ட் அடித்தபோது மடங்கி நசுங்கிப் போயிருந்தது. மற்றொன்றின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்தபோது உலர்ந்த செம்மண் அப்படியே உருளையாக வெளியே வந்தது. வண்டி நெடுங்காலம் கிடப்பில் கிடந்தபோது நேர்ந்ததாக இருக்க வேண்டும். குழாய்களை மாற்றி, திறந்த முனைகளில் மெல்லிய பித்தளை வலை பொருத்தினோம். டேங்கின் உள்ளே லேசான துரு இருக்கத்தான் செய்தது. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, சமையல் சோடா நீரால் கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்தினோம். உள்பூச்சு எதுவும் அடிக்கவில்லை. மலிவான உள்பூச்சுகள் எத்தனாலில் உரிந்து, துருவைவிடப் பெரிய அடைப்பாக மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

காற்று நுழையக் கூடாத இடங்கள்

கார்புரேட்டரிலிருந்து கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டு, இந்த எஞ்சினில் ஒரே துண்டு அல்ல. நடுவில் கார்புரேட்டரைத் தாங்கும் குழாய். இரு முனைகளிலும் அலுமினிய வார்ப்புகள். அவற்றை இணைப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் 'பூட்'டுகள், அதாவது குழாய் முனைகளின்மேல் மாட்டும் ரப்பர் உறைகள். எஞ்சின் சூடாகி விரியும்போது இடைவெளியைத் தாங்கவே இந்த ஏற்பாடு. இடப்புற பூட்டின் மேற்பக்கம் புதிதுபோல் இருந்தது. ஆனால் கண்ணாடித் துண்டையும் டார்ச்சையும் கீழே கொண்டுபோய்ப் பார்த்தபோது, கிளாம்பை ஒட்டி, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பிளவு ஓடியிருந்தது தெரிந்தது. எஞ்சினை இறக்குவதற்கு முன்பே இதை உறுதி செய்திருந்தோம். பலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயைப் பயன்படுத்துகிறார்கள். ஏற்கெனவே பெட்ரோல் கசியும் வண்டியில் அதைச் செய்வதை நான் ஒப்புவதில்லை. கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பி, ஐடிலில் ஓடும்போது பூட்டின் அடியில் தெளித்தோம். எஞ்சின் உடனே தடுமாறி, தண்ணீர் நின்றதும் மீண்டது.

இந்தக் கசிவு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். த்ராட்டில் (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் கார்புரேட்டர் மடல்) முழுக்கத் திறந்திருக்கும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் மிகக் குறைவு; வெளிக்காற்று நுழைய இழுவிசை இருக்காது. ஐடிலிலும், சமதரையில் பாதி ஆக்ஸிலேட்டரில் போகும்போதும்தான் இடப்புறச் சிலிண்டர்கள் வெந்துகொண்டிருந்தன. இரண்டு கோளாறுகளும் வெவ்வேறு நேரத்தில் வெளிப்பட்டதால்தான், ஒன்றைச் சரிசெய்தவர்களுக்கு மற்றொன்று புதிதாக முளைத்ததுபோல் தோன்றியிருக்கிறது. இரு பூட்டுகளையும், மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்துக் கேஸ்கெட்டுகளையும், கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டையும் சேர்த்தே மாற்றினோம்.

காற்று வர வேண்டிய இடங்கள்

இந்த வேனில் எரிவதற்கான காற்றும் குளிர்விப்பதற்கான காற்றும் ஒரே எஞ்சின் அறையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. பின்பக்க இரு ஓரங்களில் உள்ள காது போன்ற திறப்புகள் வழியாகக் குளிர்ந்த காற்று நுழைகிறது. விசிறி அதைச் சிலிண்டர்கள்மேல் செலுத்தி, சூடேறிய காற்றைத் தகடுகளுக்குக் கீழே தள்ளுகிறது. மேலறையையும் கீழ்ப்பகுதியையும் பிரிப்பது எஞ்சினைச் சுற்றி ஓடும் ரப்பர் சீல். இந்த வண்டியில் பின்பக்கச் சீல் ஏறத்தாழ முழுவதும் இல்லை. கீழே தள்ளிய சூடான காற்றையே விசிறியும் கார்புரேட்டரும் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தன. 35 டிகிரி காற்றுக்குப் பதில் 70 டிகிரி காற்று நுழைந்தால், அதன் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஐம்பது குதிரைத்திறனே கொண்ட எஞ்சினுக்கு அது பெரிய இழப்பு. சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகாததற்கும் இது ஒரு காரணம்: கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது.

அடுத்து ஏர் கிளீனர். கம்பெனி கொடுத்த ஆயில் பாத் ஏர் கிளீனர் பரணில் கிடந்தது. அதற்குப் பதில் அழகுக்காகக் குரோம் பூசிய வட்டமான சிறு ஃபில்டர் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கிரானைட் குவாரிக்குப் போகும் கிளைச் சாலைகளில் ஒரு டிப்பர் லாரியின் பின்னால் போனவர்களுக்கு அந்தத் தூசு தெரியும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் ரிங்குகளையும் தேய்த்துவிடும். ஆயில் பாத் ஏற்பாட்டில் காற்று எண்ணெய்ப் பரப்பின்மேல் திரும்பும்போது கனமான துகள்கள் எண்ணெயில் விழுகின்றன. பழைய கிளீனரை எடுத்துக் கழுவி, எஞ்சினில் ஊற்றும் அதே ஆயிலைக் குறிவரை நிரப்பிப் பொருத்தினோம். எஞ்சின் ஆயில் ஊற்றும் கழுத்திலிருந்து வரும் பிரீதர் குழாயும் அதனோடு மீண்டும் இணைந்தது. குரோம் ஃபில்டரில் அதற்கு இடமில்லாததால், அதுவரை ஆயில் புகை எஞ்சின் அறையிலேயே படிந்துகொண்டிருந்தது.

கிளீனரின் மூக்கில், குளிர்ந்த நேரத்தில் சூடான காற்றை உள்ளே விடும் மடல், சூடான பக்கத்திலேயே துருப்பிடித்து நின்றிருந்தது. அதை விடுவித்து எண்ணெயிட்டோம். நம் வெயிலுக்கு இது எதற்கு என்று கேட்டு அடைத்துவிடுபவர்கள் உண்டு. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரைக் குளிர்விப்பதால், ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் காலையின் ஈரக்காற்று உள்ளே உறைந்துவிடாமல் தடுக்கும் வேலை அதற்கு இருக்கிறது.

பம்ப், கார்புரேட்டர், இன்றைய பெட்ரோல்

புதிதாக மாற்றியிருந்த பம்பின் அழுத்தத்தை அளந்ததில் 6 பி.எஸ்.ஐ. வரை காட்டியது. இந்தக் கார்புரேட்டருக்கு 3 அல்லது அதை ஒட்டிய அளவு போதும். அதற்கு மேல் போனால், கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்க வேண்டிய ஃப்ளோட் ஊசி வால்வால் தடுக்க முடியாது. வண்டிக்குள் அடித்த நெடியில் பாதி இதனால் வந்ததே. இந்தப் பம்பை இயக்கும் தள்ளுகம்பி, டைனமோ எஞ்சினில் 108 மி.மீ., ஆல்டர்னேட்டர் எஞ்சினில் 100 மி.மீ. நீளம் கொண்டது, மாற்றிப் போட்டுவிடும் ஆபத்து இருப்பதால் முதலில் அதை அளந்தோம். கம்பி சரியானதுதான். ஆனால் பம்புக்கு அடியில் போதிய கேஸ்கெட் இல்லாததால், கம்பி உச்சத்தில் 13 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கேஸ்கெட் சேர்த்து அதை 13க்குக் கொண்டுவந்ததும் அழுத்தம் தேவையான அளவுக்கு இறங்கியது.

எல்லாம் முடிந்து எஞ்சினை ஏற்றி, வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ.க்கு வைத்து, இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்த பிறகே கார்புரேட்டரைத் தொட்டோம். ஆக்ஸிலேட்டர் பம்ப் டயஃப்ரம் விறைத்திருந்தது; ஊசி வால்வு தேய்ந்திருந்தது; இரண்டும் மாற்றப்பட்டன.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டு, இப்போது நம் பங்க்குகளில் வழக்கமாகிவிட்டது. சாதாரண பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு இது ஏறத்தாழ 13.5. கணினி உள்ள வண்டி இதைத் தானே ஈடுசெய்துகொள்ளும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையை மட்டுமே நம்பியிருக்கும் பழைய கார்புரேட்டரால் முடியாது. அதே ஜெட்டில் மிக்சர் சுமார் 8 சதவீதம் வறண்டு, அதாவது தேவைக்குப் பெட்ரோல் குறைந்து போகிறது. ஆகவே மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினோம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைப் பாதியில் விடாமல், ஒன்று நிரப்பியோ அல்லது வடித்தோ வைக்கும்படி ஐயாவிடம் சொல்லியிருக்கிறோம்.

சாலைச் சோதனை

முதலில் குருபரப்பள்ளி, சூளகிரி வழியாக ஓசூர் வரை ஏறினோம். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் முந்நூற்றைம்பது மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருப்பதால், வழி நெடுகிலும் எஞ்சினுக்குச் சுமை இருக்கும். வண்டி மூன்றாம் கியரில் சீராக இழுத்தது. ஓசூரில் டீக்கடையருகே நிறுத்தி, சூடு நன்றாக ஊறிய பிறகு சாவி போட்டதும் எஞ்சின் எடுத்துக்கொண்டது. பின்கதவைத் திறந்தபோது பெட்ரோல் நெடி இல்லை. அடுத்து உரிமையாளரே சேலம் சென்று, டேங்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, மதிய வெயிலில் தொப்பூரில் ஏறினார், எங்கும் நிற்கவில்லை. திரும்பி வந்ததும் கழற்றிய பிளக்குகள் நான்கும் ஒரே மாதிரியான வெளிர் பழுப்பில் இருந்தன. மூன்றாம் சிலிண்டரின் பிளக்கில் புதிய புள்ளிகள் இல்லை.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. த்ராட்டில் ஷாஃப்ட் அதன் துளையில் லேசாக ஆடுகிறது. அதன் வழியே நுழையும் காற்று ஐடிலில் மட்டும் சிறிது தெரிகிறது. அதற்கு அளவெடுத்துப் பித்தளை புஷ் கடைந்துகொண்டிருக்கிறோம். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் உள்ள இடைவெளி சரியாக அமைந்த பிறகு, மிக்சர் ஸ்க்ரூவை மறுபடி ஒருமுறை வைக்க வேண்டும். ஹோஸ்கள் மாற்றிய மாதத்தை எஞ்சின் அறைத் தகட்டில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறோம். குவாரிச் சாலைகளில் ஓடினால் ஆயில் பாத்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறையும், ஹோஸ்களின் வளைவுகளை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பார்க்க வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம்.